வில்லி லோமன் மறுபடியும் மேடையில்: ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த நாடகம்? எந்த மறுமேடையேற்றத்தைப் பற்றிய பக்கம் இது?

ஆர்தர் மில்லர் எழுதிய நாடகம். 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. 742 காட்சிகள் ஓடியது. அந்த ஆண்டே புலிட்சர் பரிசும் டோனி விருதும் கிடைத்தன. அதன்பின் 2022 வரை, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் மட்டும் 1975, 1984, 1999, 2012, 2022 என ஐந்து முறை புதிதாக மேடையேற்றியிருக்கிறார்கள். இங்கே அதிகமாகப் பேசப்போவது 2022 அக்டோபரில் ஹட்சன் தியேட்டரில் தொடங்கி, 2023 ஜனவரி வரை நடந்த தயாரிப்பைப் பற்றி. அது 2019இல் லண்டனின் யங் விக் அரங்கில் மரியான் எலியட், மிராண்டா குரோம்வெல் இருவரும் சேர்ந்து இயக்கியது. நியூயார்க்கில் குரோம்வெல் இயக்கினார். வில்லி லோமனாக வெண்டல் பியர்ஸ், மனைவி லிண்டாவாக ஷரோன் டி. கிளார்க், மூத்த மகன் பிஃபாக கிரிஸ் டேவிஸ். பிராட்வேயில் லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பமாக வந்தது அதுவே முதல் முறை.

கதை என்ன?

வில்லிக்கு வயது 63. புரூக்ளினில் வீடு. முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே கம்பெனிக்காக நியூ இங்கிலாந்து முழுக்கக் கார் ஓட்டிச் சரக்கு விற்றவர். சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள், இப்போது வெறும் கமிஷன். கமிஷனும் வருவதில்லை. பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதையே சம்பளம் என்று மனைவியிடம் கொடுக்கிறார். கார் ஓட்டும்போது கவனம் சாலையில் நிற்பதில்லை. தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்கிறார்.

34 வயது பிஃப் எந்த வேலையிலும் நிலைக்காமல் வீடு திரும்பியிருக்கிறான். பள்ளியில் கால்பந்து நட்சத்திரமாக இருந்த பையன். கணக்கில் தோற்றபோது அப்பாவைத் தேடி பாஸ்டன் போனான். அங்கே ஹோட்டல் அறையில் அப்பாவோடு வேறொரு பெண் இருப்பதைக் கண்டான். அந்த இரவைப் பற்றி இருவரும் யாரிடமும் பேசியதில்லை. இளையவன் ஹாப்பி, எல்லோரையும் சமாளிக்கப் பொய் சொல்லியே பழகியவன்.

நாடகம் நடப்பது ஏறத்தாழ ஒரு பகலும் இரண்டு இரவும். வில்லி வேலையை இழக்கிறார். பிஃபின் பெரிய திட்டம் கலைகிறது. கடைசியில், தான் செத்தால் வரும் 20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் மகனை நிமிர்த்திவிடும் என்று நம்பி வில்லி காரை எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பணம் வந்ததா என்று நாடகம் சொல்வதில்லை.

முடிவைச் சொல்லிவிட்டீர்களே?

தலைப்பிலேயே மில்லர் சொல்லிவிட்டார். ‘மரணம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் டிக்கெட் விற்காது என்று தயாரிப்புத் தரப்பு பயந்து வேறு பெயர் கேட்டபோதும் அவர் இணங்கவில்லை. அவர் முதலில் யோசித்திருந்த பெயர், அந்த மனிதரின் தலைக்குள் இருப்பது என்ற பொருள் தருவது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு, அதைத் தடுக்கக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் கைநழுவுவதைப் பார்ப்பதுதான் இந்த நாடகத்தின் அனுபவம்.

வில்லி விற்பது என்ன?

நாடகம் முழுக்கத் தேடினாலும் பதில் கிடையாது. இரண்டு மாதிரிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வருகிறார், அவ்வளவுதான். மில்லரிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர் விற்பது தன்னைத்தான் என்பார்.

வில்லி இந்தத் தொழிலுக்கு வந்த கதையைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். டேவ் சிங்கிள்மன் என்ற 84 வயது சேல்ஸ்மேனை இளம் வயதில் பார்க்கிறார். அந்தக் கிழவர் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வராமல், பச்சை வெல்வெட் செருப்பைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியிலேயே வியாபாரத்தை முடிப்பார். அவர் செத்தபோது நூற்றுக்கணக்கான வியாபாரிகள் வந்தார்களாம். தலைப்பில் உள்ள மரணம் முதலில் அந்தக் கிழவருடையது. பாஸ்டன் போகும் ரயிலில் நேர்ந்தது. வில்லிக்கு வேண்டியிருந்தது பணத்தைவிட அந்தக் கூட்டம். வில்லியின் அடக்கத்துக்கு மனைவி, இரண்டு மகன்கள், சார்லி, சார்லியின் மகன் பெர்னார்டு ஆகிய ஐந்து பேர் மட்டும் வருகிறார்கள்.

லோமன் குடும்பம் கறுப்பினத்தவர் என்றால் வசனத்தையெல்லாம் மாற்றி எழுதினார்களா?

இல்லை. பிரதி ஏறக்குறைய மில்லர் எழுதியபடியே இருந்தது. இந்தத் தயாரிப்பின் பலமே அதுதான் என்பது என் கருத்து. சார்லி, பெர்னார்டு, முதலாளி ஹாவர்டு, பாஸ்டன் பெண் ஆகியோர் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். எழுபது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய வரிகள், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது மாறியதும் வேறு எடையோடு விழுந்தன.

வேலை போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாவர்டுக்கு வயது 36. அவன் பிறந்தபோது பெயர் வைக்கும் பேச்சில் தானும் இருந்ததாக வில்லி சொல்லிக்கொள்பவர். அந்த ஹாவர்டு புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். வில்லி காத்து நிற்கிறார். ஊர் ஊராகப் போக முடியவில்லை, நியூயார்க்கிலேயே வேலை கொடு என்கிறார். வாரம் 65 டாலர் கேட்கிறார். பிறகு 50 போதும் என்கிறார். பிறகு 40. முதலாளியோ அவரைச் சின்னப் பையனை அழைக்கும் தொனியில் அழைத்து, வியாபாரம் என்றால் வியாபாரம் என்று முடித்துவிடுகிறான். வெள்ளை நடிகர்கள் இருவர் நடித்தபோதே நெஞ்சைப் பிசைந்த காட்சி இது. அமெரிக்காவில் வயதில் மூத்த கறுப்பின ஆண்களைப் ‘பையன்’ என்று கூப்பிட்ட வரலாறு எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்களுக்கு, மில்லர் எழுதிய அந்த விளி 2022இல் எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சார்லி வில்லிக்கு வேலை தருகிறேன் என்று சொல்வதும் வில்லி மறுப்பதும் இன்னொன்று. படிக்கும்போது அது வறட்டுக் கௌரவமாகத் தோன்றும். வெள்ளைக்கார அண்டைவீட்டுக்காரரிடம் கடன் வாங்குவதே பெரிய இறக்கம் என்று நினைக்கும் ஒரு கறுப்பினத்தவர், அவரிடமே சம்பளத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னால் அதில் வறட்டுத்தனம் குறைந்து காயம் தெரிகிறது.

இனி, நாடகத்துக்கு வெளியே இருக்கும் வரலாறு. வில்லி பாதி வாழ்க்கையைச் சாலையில் கழித்தவர். அந்தக் காலத்தில் கறுப்பினப் பயணி ஒருவர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கையேடு தேவைப்பட்டது. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய ‘கிரீன் புக்’ அது. எல்லா ஊரிலும் தன்னை எல்லோருக்கும் பிடிக்கும், போலீஸ்காரர்கள்கூடத் தன் காரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று வில்லி பிள்ளைகளிடம் பெருமை பேசும் இடம், இந்தப் பின்னணியில் தாங்க முடியாததாகிவிடுகிறது. அப்பா பொய் சொல்கிறார் என்பது பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். எதற்காகச் சொல்கிறார் என்பதும் தெரியும்.

வீடும் அப்படித்தான். 25 வருடத் தவணை முடியும் நாளில் கதை நடக்கிறது. 1930களிலிருந்து கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக் கடன் மறுப்பதை அமெரிக்க அரசின் கொள்கையே ஊக்குவித்தது. அதை மீறி வாங்கிய வீட்டின் கடைசித் தவணை என்றால், அதை லிண்டா சொல்லும் தொனியே வேறு.

கறுப்பின எழுத்தாளர்களிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்ததாமே?

இருந்தது, வலுவாகவே. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் கூடிய மாநாட்டில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. கறுப்பின நடிகர்களை வைத்து ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ போடுவது எங்கள் மனிதத்தன்மையை, எங்கள் வரலாற்றை மறுப்பதாகும் என்று இந்த நாடகத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வெள்ளையர் கதையைக் கடன் வாங்கி நடிப்பதற்குச் செலவாகும் பணமும் மேடையும் கறுப்பினக் கதைகளை எழுதுபவர்களுக்குப் போகட்டும் என்பது அவர் வாதத்தின் உள்ளீடு.

அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறத்தைக் கண்டுகொள்ளாமல் நடிகரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்லி, மேடையில் அந்த நிறத்துக்கு எந்த அர்த்தமும் இல்லாததுபோல் நடந்துகொண்டால் வில்சன் சொன்னது அப்படியே நடக்கும். குரோம்வெல்லின் தயாரிப்பு நிறத்தைக் கண்டுகொண்டது. நைஜீரியாவில் பிறந்த ஃபெமி டெமோவோ அமைத்த இசையில் கறுப்பினத் தேவாலயப் பாடல்களின் மூச்சு இருந்தது, குடும்பம் பாடியது. வரலாற்றை மறைக்காமல் மேடைக்குள் கூட்டி வந்தார்கள். மேடையும் பணமும் யாருக்குப் போகின்றன என்று வில்சன் எழுப்பிய கேள்விக்கு ஒரு நல்ல தயாரிப்பு பதிலாகிவிடாது. அது இன்றும் அப்படியே நிற்கிறது.

இதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. 1972இல் பால்டிமோரின் சென்டர் ஸ்டேஜ் முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு நாடகத்தைப் போட்டது. 2009இல் யேல் ரெபர்ட்டரி தியேட்டரில் சார்ல்ஸ் டட்டன் வில்லியாக நடித்தார். 1975 பிராட்வே தயாரிப்பில் ஏற்பாடு தலைகீழ்: லோமன் குடும்பம் வெள்ளை, அண்டைவீட்டு சார்லியும் பெர்னார்டும் கறுப்பினத்தவர்.

வில்லியாக நடித்தவர்களில் முக்கியமானவர்கள்?

முதல் வில்லி லீ ஜே. காப். இயக்கியவர் எலியா கஸான். மில்லர் மனத்தில் இருந்த வில்லி சிறிய உருவம் கொண்டவர். தன்னை யாரோ ‘இறால்’ என்று கேலி செய்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். காப் ஆஜானுபாகு. அவருக்காக அந்த வரியில் இறால் போய், ‘வால்ரஸ்’ என்ற பெரிய கடல் விலங்கு வந்தது. 1984இல் குள்ளமான டஸ்டின் ஹாஃப்மன் நடித்தபோது மறுபடியும் இறால் ஆயிற்று. இது வெறும் உருவப் பிரச்சினை இல்லை. பெரிய உடம்பு மெல்ல மெல்லச் சரிவதைப் பார்ப்பது ஒரு நாடகம். சிறிய உடம்பு ஓயாமல் துள்ளித் துள்ளித் தன்னைப் பெரிதாகக் காட்ட முயல்வது வேறொரு நாடகம்.

1975இல் ஜார்ஜ் சி. ஸ்காட் தானே இயக்கி நடித்தார். 1999இல் பிரையன் டெனஹி. சிகாகோவின் குட்மன் தியேட்டரிலிருந்து வந்த ராபர்ட் ஃபால்ஸின் தயாரிப்பு அது, முதல் மேடையேற்றம் நடந்து சரியாக 50 ஆண்டு நிறைந்த நாளில் பிராட்வேயில் தொடங்கியது. டெனஹிக்கு டோனி கிடைத்தது. 2012இல் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன், மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில். பிஃபாக ஆண்ட்ரூ கார்ஃபீல்டு. ஹாஃப்மனுக்கு அப்போது 44 வயதுதான். இளமையாகத் தெரிகிறார் என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். காப் 1949இல் நடித்தபோது அவருக்கு 37 என்பதை அவர்கள் மறந்திருக்கலாம்.

லிண்டா வெறும் பொறுமைசாலி மனைவிதானே?

அப்படி நடித்தால் நாடகம் பாதியாகிவிடும். வீட்டில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் லிண்டாதான். கணவர் சார்லியிடம் கடன் வாங்குவது தெரியும். கார் விபத்துகள் தற்செயலானவை இல்லை என்று தெரியும். நிலவறையில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் அவர் ஒளித்துவைத்திருக்கும் ரப்பர் குழாயைக் கண்டுபிடித்திருக்கிறாள். பகலில் எடுத்து ஒளித்து, மாலையில் அவர் வருவதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். அவரை அவமானப்படுத்த மனம் வரவில்லை. காப்பாற்றவும் கைகொடுக்கவும் தெரிந்தவள், வாயைத் திறந்து கேட்க மட்டும் முடியாதவள். இதைவிடக் கொடுமையான அன்பை மேடையில் அதிகம் பார்க்க முடியாது.

மகன்களிடம் அவள் பேசும் புகழ்பெற்ற பேச்சு இந்த இடத்தில்தான் வருகிறது. உங்கள் அப்பா பெரிய மனிதர் இல்லை, பத்திரிகையில் பெயர் வந்ததில்லை, ஆனாலும் அவர் மனிதர், அவரைக் கவனித்தாக வேண்டும் என்கிறாள். ஷரோன் டி. கிளார்க் இதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை, கட்டளையாகவே சொன்னார். லண்டனில் அந்த நடிப்புக்கு 2020ஆம் ஆண்டின் ஒலிவியர் விருது கிடைத்தது.

காலுறையை மறந்துவிடாதீர்கள். லிண்டா தன் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பாள். வில்லி அதைப் பார்த்தாலே எரிந்து விழுவார். ஏன் என்பது முதல் பாதியிலேயே தெரியும்: பாஸ்டன் பெண்ணுக்கு அவர் பெட்டி பெட்டியாகப் புதுக் காலுறை கொடுத்திருக்கிறார்.

நடப்பதும் நினைவும் கலந்து வருமாமே, குழப்பமாக இருக்காதா?

முதல் கால் மணி நேரம் இருக்கலாம். செத்துப்போன அண்ணன் பென் திடீரென்று வந்து பேசுவார். 17 வயதில் காட்டுக்குள் போனேன், 21 வயதில் பணக்காரனாக வெளியே வந்தேன் என்பார். 2022இல் அவரை நடித்தவர் ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ். சார்லியோடு சீட்டு ஆடிக்கொண்டே வில்லி பென்னுக்கும் பதில் சொல்வார். சார்லிக்கு ஒன்றும் புரியாது. இவை பழைய நினைவுக் காட்சிகள் போலத் தோன்றினாலும், வில்லியின் தலைக்குள் இப்போதே நடந்துகொண்டிருப்பவை.

இதற்கு மேடையமைப்பு பெரிய துணை. 1949இல் ஜோ மீல்சினர் சுவர்கள் இல்லாத, எலும்புக்கூடு போன்ற வீட்டை அமைத்தார். சுற்றிலும் அடுக்குமாடிகள் அதை நெருக்கும். நிகழ்காலக் காட்சியில் வாசல் வழியாக வருபவர்கள், நினைவுக் காட்சியில் சுவர் இருக்க வேண்டிய இடத்தைக் கடந்து நடப்பார்கள். 2012இல் நிக்கல்ஸ் அந்த மேடையமைப்பையும் அலெக்ஸ் நார்த்தின் பழைய இசையையும் அப்படியே மீட்டெடுத்தார். ஆன்னா ஃபிளைஷ்லே 2019 தயாரிப்புக்கு வேறு வழி கண்டார்: கதவுச் சட்டங்களும் ஜன்னல்களும் மேசை நாற்காலிகளும் அந்தரத்தில் தொங்கி, தேவைப்படும்போது கீழே இறங்கும். அந்த வீடு எந்த நேரமும் கைவிட்டுப் போகலாம் என்ற உணர்வு முதல் நிமிடத்திலிருந்தே இருக்கும்.

இது முதலாளித்துவத்துக்கு எதிரான நாடகமா?

அப்படிப் பயந்தவர்கள் உண்டு. 1951இல் கொலம்பியா நிறுவனம் இதைப் படமாக்கியபோது, சேல்ஸ்மேன் தொழில் எவ்வளவு நல்லது என்று சொல்லும் குறும்படம் ஒன்றையும் கூடவே எடுத்து, முன்னால் போட நினைத்தது. மில்லர் எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. பின்னர் 1956இல் அவரே கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நிறுத்தப்பட்டு, மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். முதல் தயாரிப்பின் இயக்குநர் கஸானும் நடிகர் காபும் அதற்கு முன்பே பெயர்களைச் சொல்லியிருந்தார்கள்.

நாடகத்துக்கு வருவோம். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதுபோல் மனிதனை எறிய முடியாது என்று ஹாவர்டிடம் வில்லி கத்துகிறார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நாடகத்தில் மிகவும் கண்ணியமான மனிதர் சார்லி, அவரும் வியாபாரிதான். மில்லர் ஒரு தரப்பை எழுதித் தீர்ப்பு வழங்கவில்லை. மகன் திருடியபோது அதைத் துணிச்சல் என்று சிரித்தவர் வில்லி. அதற்கு முதலாளியைக் குற்றம் சொல்ல முடியாது.

அமெரிக்கர்களுக்கு மட்டும் புரியும் கதை இல்லையா இது?

1983இல் மில்லர் பெய்ஜிங் போய், பெய்ஜிங் மக்கள் கலை அரங்கத்தின் நடிகர்களோடு இதைத் தானே இயக்கினார். மொழிபெயர்த்தவரும் வில்லியாக நடித்தவரும் யிங் ருவோசெங். ஊர் ஊராகப் போய் விற்கும் சேல்ஸ்மேனோ ஆயுள் இன்சூரன்ஸோ பழக்கமில்லாத சமூகம் அன்றைய சீனா. அமெரிக்கர்களைப்போல் வேஷம் கட்டாதீர்கள், விக் வேண்டாம், நீங்களாகவே நடியுங்கள் என்று மில்லர் சொன்னார். தகப்பன் மகன்மேல் வைக்கும் நம்பிக்கையும், அது மகனுக்குச் சுமையாவதும் அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 2016 படமான ‘தி சேல்ஸ்மேன்’, தெஹ்ரானில் இந்த நாடகத்தை நடிக்கும் ஒரு தம்பதியைப் பற்றியது, ஆஸ்கர் பெற்றது.

எந்தக் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டும்?

கடைசியில் பிஃபும் வில்லியும் மோதும் காட்சி. அதற்கு முன் பிஃப், பழைய முதலாளியைப் பார்க்கப் போய், ஆறு மணி நேரம் காத்திருந்து, அவருக்குத் தன்னை அடையாளமே தெரியவில்லை என்று அறிந்து, காரணமே இல்லாமல் அவருடைய பேனாவைத் திருடிக்கொண்டு ஓடிவந்திருப்பான். மாடிப்படியில் ஓடும்போது நின்று யோசிக்கிறான்: நான் யார் என்று தெரிந்துகொண்ட பிறகும் ஏன் வேறு ஆளாக ஆக முயல்கிறேன்?

அதை அப்பாவிடம் சொல்ல வருகிறான். நானும் சாதாரண ஆள், நீயும் சாதாரண ஆள் என்கிறான். வில்லி ஏற்கவில்லை, நான் வில்லி லோமன், நீ பிஃப் லோமன் என்று கத்துகிறார். கத்திக் களைத்து மகன் உடைந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அந்தப் பொய்க் கனவை எடுத்து எரித்துவிடு என்று கேட்கிறான். வில்லிக்குக் காதில் விழுவது ஒன்றுதான்: இவனுக்கு என்மேல் அன்பு இருக்கிறது. அந்தச் சந்தோஷத்திலேயே, இவன் பெரிய ஆளாக வருவான் என்ற பழைய கனவு இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. மகன் விடுதலை கேட்டான். அப்பா அவனுக்காகச் சாக முடிவு செய்கிறார். ஒரு தயாரிப்பு நல்லதா இல்லையா என்பதை நான் இந்த ஒரு நிமிடத்தை வைத்தே அளப்பேன். மகிழ்ச்சியில் வில்லியின் முகம் மலர வேண்டும். மலராவிட்டால் அவர் வெறும் தோற்றுப்போன கிழவர்; மலர்ந்தால் பார்ப்பவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒரு சாதாரண சேல்ஸ்மேனின் கதையைத் துன்பியல் நாடகம் என்று சொல்லலாமா?

அன்றே இந்தக் கேள்வி எழுந்தது. முதல் காட்சி நடந்து சில வாரங்களுக்குள் மில்லர் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி, அரசர்களுக்கு இருக்கும் அதே தகுதி சாமானியனுக்கும் உண்டு என்று வாதிட்டார். தன் கண்ணியத்தைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணிபவன் எவனும் அந்த மேடைக்கு உரியவன் என்றார். வில்லி காக்க நினைத்த கண்ணியம் பிழையான அளவுகோலால் அளந்தது என்பது உண்மை. பெரும் துன்பியல் நாயகர்கள் பலருக்கும் அதுதான் கதை.

நேரில் பார்க்க வாய்ப்பில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

மூன்று தொலைக்காட்சிப் பதிவுகளைச் சொல்லலாம். 1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்ததில் முதல் மேடையின் லீ ஜே. காபும் மில்ட்ரெட் டன்னக்கும் நடித்திருக்கிறார்கள். சற்றுச் சுருக்கிய வடிவம். 1985இல் ஃபோல்கர் ஷ்லோன்டார்ஃப் இயக்கியதில் டஸ்டின் ஹாஃப்மனும், பிஃபாக ஜான் மால்கோவிச்சும். 2000இல் டெனஹியின் தயாரிப்பும் தொலைக்காட்சிக்குப் பதிவானது. தொடங்குவதற்கு 1985 பதிவைச் சொல்வேன். மால்கோவிச்சின் பிஃபுக்காகவே பார்க்கலாம்.

படிப்பதானால் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். வெளிச்சம் எப்போது இலைகளின் நிழலாக மாறுகிறது, புல்லாங்குழல் எப்போது கேட்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வில்லியின் தகப்பன் புல்லாங்குழல் செய்து விற்றவர். வில்லி சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தை விட்டுப் போனவர். அந்த இசை எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டே படித்துப் பாருங்கள்.